சொல்லத் தெளியும் வாழ்வு

தன்னைப் பற்றித் தானே பேசுவது தமிழ் மரபில் அவ்வளவு உயர்வாகக் கருதப்பட்டதன்று. எத்துணைக் கற்றவனாயினும் தன்னைத் தான் புகழ்ந்துகொள்ளுதல் தகுதியன்று என்று நன்னூலின் பாயிரம் கூறுகிறது. ஆனால் அடுத்த மூச்சிலேயே பவணந்தியார் அதற்கு நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசனவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்பது அவர் வகுத்த விதி. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் இந்த இலக்கணத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், இன்று நேயர்கள் முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். பெருமை பேசுவதற்காகவன்றி, வேறொரு பயன் கருதி ஒருவன் தன் கதையைப் பிறருக்குச் சொல்லலாமா? சொன்னால் அதன் பயன் யாருக்கு? கேட்பவருக்கா, சொல்பவருக்கா?

சொல்பவருக்கே முதற்பயன் என்பது என் கருத்து. நாம் எதற்காக வாழ்ந்தோம், இனி எதற்காக வாழ வேண்டும் என்பதை ஒருவன் தனிமையில் அமர்ந்து சிந்தித்துக் கண்டுகொள்வது அரிது. இன்னொருவர் எதிரே தன் கதையைச் சொல்லும்போது, அவர் இடையிட்டுக் கேட்கும் ஒரு கேள்வியில் அது விளங்கிவிடுகிறது. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. அவற்றுள் சிலவற்றை இப்பொழுது காண்போம்.

எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் நான் வசிக்கிறேன். அங்கிருந்து சில கல் தொலைவில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னை மாநகரின் குடிநீருக்காகக் கொற்றலை ஆற்றின் குறுக்கே கட்டப்பெற்று 1944-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அணை அது. அதன் நீர்ப்பரப்பில் மூழ்கிய இடங்களுள் திருவெண்பாக்கம் என்னும் பாடல் பெற்ற தலமும் ஒன்று. இறைவனைப் பூண்டியிலே வேறு கோயில் கட்டி எழுந்தருளச் செய்தனர். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், வழி தடுமாறி வந்து ஊன்றுகோல் பெற்ற தலம் அதுவே என்று பெரிய புராணம் கூறும். தம் பிழையை அவர் மறைக்கவில்லை. பாட்டிலே வைத்துப் பாடினார். அவருடைய பதிகங்களில் அவர் வாழ்க்கையே ஊடும் பாவுமாக ஓடுவதை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். தன் கதையைத் தானே சொல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று என்பதற்கு இது போதும். கண்ணிழந்தவனுக்குக் கிடைத்தது உடனே கண்ணன்று, ஒரு கோல்தான் என்பதையும் கருத வேண்டும். தன் கதையைச் சொன்னவனுக்கு முதலில் கிடைப்பது அடுத்த அடி எடுத்து வைப்பதற்கான ஊன்றுகோலே. இதைப் பின்னரும் காண்போம்.

எழுதி வைப்பதெல்லாம் சொல்வதாகிவிடாது என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், சரக்கு விற்றதும், கவர்னர் கோபித்ததும், படை நகர்ந்ததும் அதில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாற்றுக்கு அதைப் போன்ற சான்று வேறில்லை. எனினும் அது நாள்தோறும் நடந்ததை நடந்தவாறே பதிந்த ஏடு. இன்று எழுதியவருக்கு நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. ஆகவே நாட்குறிப்பில் நிகழ்ச்சிகள் உண்டு; அவற்றினிடையே ஓடும் இழை தெரிவதில்லை. அந்த இழை, திரும்பிப் பார்த்துப் பிறருக்குச் சொல்லும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் வாழ்க்கை. 1855-ஆம் ஆண்டு உத்தமதானபுரத்தில் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பாடங்கேட்டு, 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. நல்லாசிரியரிடம் கற்றாயிற்று, நல்ல வேலையும் கிடைத்தாயிற்று. அக்காலத்துத் தமிழ்ப் புலவர் ஒருவருக்கு இதற்குமேல் வேண்டுவது யாது? வாழ்க்கை ஒரு கரை சேர்ந்துவிட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். முதலியாருக்கும் அப்பொழுது முப்பது வயது நிரம்பவில்லை. யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என்று அவர் கேட்டார். ஐயர் தம் கல்விக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியல் ஒன்றை ஒப்பித்தார். எதிரே இருந்தவர் முகத்தில் வியப்பில்லை. புராணங்களைச் சொன்னார், கம்பராமாயணத்தைச் சொன்னார். அப்போதும் முதலியாருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற பொருளிலே பேசினார். பிறகு, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களாகிய சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்திருக்கவில்லை. ஏடு கிடைத்தால் படிக்கலாம் என்ற அளவிலேதான் அவரால் விடை கூற முடிந்தது.

இந்நிகழ்ச்சியைச் சிறிது நின்று நோக்க வேண்டும். கேள்வி கேட்ட முதலியார் தமிழாசிரியரல்லர். நீதித் துறையில் பணி செய்தவர். ஐயர் கல்லாதவருமல்லர். ஆனால், தம் கதையை ஒரு புதியவரிடம் வரிசையாக எடுத்துரைத்தபோதுதான் அந்த வரிசையில் இருந்த வெற்றிடம் அவருக்கே புலப்பட்டது. ஆசிரியரிடமும் உடன் பயின்றாரிடமும் பழகிய காலமெல்லாம் அது தெரியவில்லை. ஏனெனில் அவர்கள் அனைவரும் அதே வரிசையைக் கற்றவர்கள். பாராட்டுபவரிடம் கதை சொன்னால் பாராட்டுக் கிடைக்கும். வினவுபவரிடம் சொன்னால்தான் வழி கிடைக்கும்.

பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைத் தந்து தமக்குப் பாடஞ்சொல்லுமாறு வேண்டினார். படித்தால் பொருள் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகள் வழிமறித்தன. ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். தாம் அறியாததைத் தமிழாசிரியர் ஒருவர் இல்லறத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அக்காலத்தில் எளிய செயலன்று. அங்கே சிந்தாமணி வெறும் ஏடாக இல்லாமல் ஓதப்பெறும் நூலாக வாழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டு வியந்தார். பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தொகுத்து, ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டில் அந்நூலை உரையோடு பதிப்பித்தார். 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. கேள்வி கேட்ட முதலியார் 1892-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். தாம் வினவிய மூன்றாம் நூலாகிய மணிமேகலை அச்சேறியதை அவர் காணக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியோ கேட்டவரைத் தாண்டி வாழ்ந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. ஐயர் அவர்கள் தம் எண்பத்தைந்தாம் வயதை அணுகியபோது, 1940-ஆம் ஆண்டு சனவரியில், தம் வாழ்க்கையை ‘என் சரித்திரம்’ என்னும் தலைப்பில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பின்னரே தம் வரலாற்றைத் தொட்டார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. மகாமகோபாத்தியாயர் என்ற பட்டமும் டாக்டர் என்ற பட்டமும் பெற்ற ஒருவர், இளமையில் தமக்குச் சிலப்பதிகாரம் தெரியாது என்பதை அப்பத்திரிகை வாசகர் அனைவருக்கும் விளங்க எடுத்துரைத்தார். முதலியாரின் முதற்சந்திப்பில் தமக்கு உண்டான ஏமாற்றத்தையும் ஒளிக்கவில்லை. நடந்த நாளில் மனத்தைச் சுட்டது, அறுபது ஆண்டு கழித்துச் சொல்லும்போது வாழ்வின் திருப்பமாகத் தெரிந்தது. யுத்தகாலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தார். நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்களோடு அந்த வரலாறு நின்றுவிட்டது. மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்துக்குமேல் அது செல்லவில்லை. 1950-இல் நூல்வடிவம் பெற்றது. முற்றுப்பெறாத கதைதான்; ஆயினும் அந்த வாழ்வு எதற்காக என்பதில் படிப்பவருக்கு ஐயமே எழுவதில்லை.

இதுகாறும் சொன்னது மதிப்போடு வளர்ந்தவர் கதை. தன் கதையைச் சொல்லவே அஞ்ச வேண்டியிருந்தவரின் நிலை யாது? நன்னூலார் நான்காவதாகக் கூறிய இடம், பிறர் பழித்தவிடத்துத் தன்னைப் பற்றிச் சொல்லுதல். அதற்கு இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்க்கை பெரியதோர் உரை.

அவர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமாவதற்கு முன் எங்கள் பகுதியும் அந்த மாவட்டத்தின் ஒரு கூறே. கோயம்புத்தூர்க் கலாசாலையில் அவர் படித்த காலத்தில், ஏறக்குறைய நானூறு மாணவரில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். பழகினால், ஊர் எது, உறவினர் யார், சாதி என்ன என்று கேட்பார்கள். சொன்னால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சி, அவர் எவரோடும் விளையாடச் செல்லவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனியே அமர்ந்து படித்துவிட்டு, மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைவார். இதை அவரே தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் குறிப்பிட்டுள்ளார். ஆசிரியத் தொழில் செய்த எனக்கு இந்த இடத்தைக் கடந்து படிப்பது எளிதாக இருப்பதில்லை. மணியடித்தபின் வகுப்பில் நுழையும் பிள்ளையைக் கண்டால், நேரந்தவறியவன் என்று கடிந்துகொள்வதே நமக்குப் பழக்கம். அவன் ஏன் முன்னால் வரவில்லை என்று கேட்பார் யார்?

அந்தப் பிள்ளை வளர்ந்து, 1893-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எந்தச் சொல் வெளிப்பட்டுவிடுமோ என்று விளையாட்டுத் திடலுக்கே போகாமல் இருந்தாரோ, அந்தச் சொல்லையே தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். மறைத்துக்கொண்டு வாழ்பவன் உரிமை கேட்க இயலாது. தன்னை இன்னான் என்று வெளிப்படக் கூறுபவனே கேட்க இயலும் என்ற துணிவு அது. அதன்பின் அவர் வாழ்க்கைக்கு ஒரே திசைதான். சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் அனைவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். 1939-இல் வெளிவந்த அவர் வரலாறு அளவிற் சிறியது; ஆனால், தமிழில் வெளிவந்த தன்வரலாறுகளுள் மிக முன்னையவற்றில் ஒன்று. சாமிநாதையருக்கு இல்லாததைக் காட்டியது ஒரு கேள்வி. சீனிவாசனாருக்கோ கேள்வி வருமுன்னரே அதற்கு விடையைத் தாமே உரக்கச் சொன்னதனால் வாழ்வின் குறிக்கோள் உருப்பெற்றது. இரண்டிலும் மௌனம் கலைந்த இடமே வழி தொடங்கிய இடம்.

ஒருவர் கதை அவரோடு நில்லாமல் பலர் கதையோடு சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. திருவள்ளூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னை நோக்கிச் சென்றால் பெரம்பூர் வரும். 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் இரயில் வந்த தடம் எங்கள் ஊர் வழியாகவே செல்கிறது. அந்தப் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற பெரிய நெசவாலைகள் இருந்தன. இன்று அவை இல்லை. அங்கே வேலை செய்த தொழிலாளருக்கு உணவு கொள்ளக் கிடைத்த இடைவேளை மிகக் குறுகியது. கை கழுவி, உண்டு, திரும்புவதற்குள் சங்கு ஊதிவிடும். சிறிது தாமதித்தவனுக்குக் கதவடைப்பு. ஒவ்வொருவரும் இதைத் தத்தம் தலைவிதி என்று எண்ணித் தனித்தனியே பொறுத்துவந்தனர்.

அப்பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இருவர் அவர்கள் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டனர். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்து கூடியவர்கள், மெல்ல மெல்லத் தம் கதையையும் பேசலாயினர். ஒருவன் சொன்னதைக் கேட்டவன், எனக்கும் அப்படியே என்றான். தலைவிதி என்று எண்ணியிருந்தது பொதுக்குறை என்று விளங்கிற்று. அந்த இரு பெரியவர்களும் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் பணியாற்றிய பி. பி. வாடியாவை நாடினர். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே என்பர். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, 1917-இல் அப்பணியை விடுத்துத் ‘தேசபக்தன்’ ஆசிரியரான திரு. வி. கலியாணசுந்தரனாரும் அச்சங்கத்தில் முன்னின்றார். தொழிலாளர் கதையைக் கேட்கப்போன தமிழாசிரியரின் வாழ்வும் அங்கே புதுப்பொருள் பெற்றது. 1944-இல் வெளிவந்த அவருடைய ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளைப் புரட்டினால், தம்மைப் பற்றிச் சொல்வதாகத் தொடங்கி, தம் காலத்துத் தமிழகம் முழுவதையும் பற்றிச் சொல்லி முடிப்பதைக் காணலாம்.

பெரியோர் வரலாறு இருக்கட்டும். எங்களைப் போன்றோர்க்கு இதனால் ஆவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பகுதி தொழிற்சாலைகள் மிகுந்த பகுதி. காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்து, பல மாநிலங்களிலிருந்துங்கூட மக்கள் வந்து குடியேறியுள்ளனர். ஒரே தெருவில் பத்தாண்டு வாழ்ந்தும் எதிர்வீட்டார் எந்த ஊரிலிருந்து, எந்தப் பஞ்சத்தை அல்லது எந்தக் கடனைத் தாண்டி வந்தார் என்பது தெரியாது. இயந்திரத்தின் முன் முப்பதாண்டு நின்று ஓய்வு பெற்றவர்கள், நான் என்ன சாதித்தேன் என்று மாலையில் திண்ணையில் அமர்ந்து சலித்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது ஒன்றே: முதல் மாதச் சம்பளத்தை என்ன செய்தீர்கள்? உடனே கதை பிறந்துவிடும். தங்கையின் கலியாணம், தகப்பனார் வாங்கிய கடன், தம்பியின் பள்ளிக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சொல்லி முடிக்கும்போது சலித்துக்கொண்ட மனிதர் அங்கே இருப்பதில்லை; நான்கு குடும்பங்களைத் தாங்கிய தூண் ஒன்று அமர்ந்திருக்கும். இதை நான் அவருக்குக் கற்பிக்கவில்லை. அவர் வாயாலேயே அவர் கேட்டறிந்தார்.

பள்ளியிலும் இதைக் கண்டதுண்டு. ‘என்னைப் பற்றி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையையே எழுதுவார்கள். பெயரும் வகுப்பும்தான் மாறும். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்டு எழுதுங்கள் என்றால், நாற்பது கட்டுரையும் நாற்பது விதமாக வரும். கேட்கும் பிள்ளை, ‘அப்புறம்?’ என்று கேட்கிறதல்லவா? அந்த ‘அப்புற’த்தில்தான் மறந்தவை எல்லாம் நினைவுக்கு வருகின்றன.

ஆகவே, சொல்வதற்கு வேண்டும் துணிவைப் போலவே கேட்பதற்கு வேண்டும் பண்பும் இன்றியமையாதது. கேட்பவர் தீர்ப்புக் கூற விரையலாகாது. தம் கதையை இடையிலே நுழைக்கலாகாது. கேட்டதைத் தெருவில் பரப்பலாகாது. சொல்பவருக்கும் வரம்புண்டு. பிறர் மறைவைத் தம் கதையோடு சேர்த்து விற்கும் உரிமை எவருக்கும் இல்லை. தன் புகழுக்காகச் சொன்னால் அது நன்னூலார் விலக்கிய வழியிலேயே சென்று முடியும்.

எங்கள் திருவள்ளூர்த் தலபுராணம் ஒன்றைச் சொல்லும். சாலிஹோத்திர முனிவரிடம் முதியவர் ஒருவர் வந்து உணவு கேட்டு உண்டார். பின், படுத்து இளைப்பாற எவ்வுள், அதாவது எந்த அறை, என்று வினவினார். முனிவர் தம் சொந்த உள்ளையே காட்டினார். வந்தவர் திருமால். அதனால் ஊர் எவ்வுள் என்றும் திருவெவ்வுளூர் என்றும் பெயர் பெற்றது என்பர். பெயர்க்காரணத்தின் ஆராய்ச்சி எப்படியாயினும் அதன் உட்பொருள் நமக்கு வேண்டியதே. ஒருவர் தம் கதையைக் கொண்டு நம் வாயிலுக்கு வரும்போது, அதை இறக்கி வைக்க நம் உள்ளத்தில் ஓர் உள் ஒதுக்கித் தர வேண்டும். ஒதுக்கித் தந்தால், வந்தவர் தம்மை யார் என்று அறிந்துகொண்டு எழுந்து செல்வார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் முதியவர் இருப்பின், இவ்வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் அவர் அருகே அமர்ந்து, அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். நீங்களே முதியவராயின், பேரப்பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் தொடங்குங்கள். நூலாக அச்சேற வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடையில் நின்றுபோனாலும் குறையில்லை. நம் காலத்து மிகச் சிறந்த தன்வரலாறே இடையில் நின்றுபோனதுதான்.